அப்பா பெயரில் வந்த ரத்தம்

போன வருஷம் அந்தச் சட்டம் வந்த பிறகு, எங்கள் லேபுக்கு ரத்தம் அனுப்பும் கிழவர்களுக்கெல்லாம் திடீரென்று வாலிபம் திரும்பிவிட்டது. சீட்டில் எழுபத்தோரு வயது, படுத்த படுக்கை என்று எழுதியிருக்கும். குழாயை மெஷினில் வைத்தால் ஆண் ஹார்மோன் பத்து ஆளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் அளவுக்கு இருக்கும். ரத்தம் பாகு மாதிரிக் கெட்டியாக இருக்கும். அறுபத்தெட்டு வயது மாமனார் ஒருவரின் கணக்கைப் பார்த்துவிட்டு, "இவர் எழுந்து உக்காந்தா கட்டில் தாங்காது" என்று சொல்லி நான் சிரித்தேன். சிரித்துவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். உடம்பை ஏற்றுவதற்காக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் பளுதூக்கிகள் முன்பெல்லாம் தங்கள் சொந்தப் பெயரிலேயே ரத்தம் கொடுப்பார்கள். அவர்களுக்காகவே சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டாக்டர் உட்காருவார். நல்ல வார்த்தை ஒன்று அவர் வாயிலிருந்து வராது. "இந்த மாசமும் போட்டியா? கல்லீரல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று வாசல் வரை கேட்கும்படி கத்துவார். ஆனால் யாரையும் திருப்பி அனுப்பமாட்டார். இதயத்தைப் பார்ப்பார், ரத்த அழுத்தத்தைப் பார்ப்பார், ரத்தம் கெட்டியாகியிருந்தால் ஒரு பை வெளியே எடுத்துவிடுவார். திட்டித் திட்டியே பாதிப் பேரை நிறுத்தவும் வைத்தார்.

பிறகு சட்டம் வந்தது. ஊசி போட்டுக்கொண்டால் ஒரு வருஷம் வரை ஜெயில். தெரிந்தே வைத்தியம் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கும் டாக்டருக்குப் பதிவு ரத்து. நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் ஆணின் ரத்தத்தில் ஹார்மோனோ கெட்டியோ அளவு மீறியிருந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் லேப் சுகாதார அலுவலகத்துக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை டாக்டர் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஊசி நின்றதா? எங்கே நின்றது! நின்றது பரிசோதனைதான். நாற்பதுக்கு மேலே இருந்தால் கேள்வி கிடையாது என்று தெரிந்ததும் ஊரிலுள்ள அப்பாக்களும் மாமனார்களும் வரிசையாகப் படுக்கையில் விழுந்தார்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே நர்ஸ் ரத்தம் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அடையாள அட்டையின் நகல் போதும் என்பது லேபுகளின் பழைய விதி. அந்த ஓட்டை வழியாக ஒரு ஜிம்மே நுழைந்து வந்தது.

எங்கள் லேபில் சீட்டுப் போடுபவரை எல்லோரும் கவுன்ட்டர் அக்கா என்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய ஒரே மகன், இருபத்திரண்டு வயதில், ஜிம் வாசலில் வாங்கிய மருந்தைப் போட்டுக்கொண்டு, தூக்கிய கம்பிக்குப் பக்கத்திலேயே விழுந்து செத்துப்போனான். அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சட்டசபை வாசலில் அக்கா நாட்கணக்கில் உட்கார்ந்தார். பேப்பரில் அவர் முகம் வராத நாள் கிடையாது. அந்தச் சட்டமே அவரால் வந்ததுதான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் இருவருக்கும் தினமும் சண்டை.

"இந்தக் கிழவனுக்கு எப்படி இந்த நம்பர் வரும்? பொய்னு தெரிஞ்சுதானே கையெழுத்துப் போடற?" என்பார்.

"தெரிஞ்சுதான் போடறேன். இதையும் நிறுத்திட்டா அவன் ரத்தத்தை யாருமே பாக்கமாட்டாங்க. ரிப்போர்ட்டைப் பாத்தாவது பயப்படட்டும்."

"பயந்து என்ன பண்ணுவான்? எந்த டாக்டர்கிட்டப் போவான்?"

"அதைத்தான் அக்கா நானும் கேக்கறேன். பழையபடி டாக்டர் பாத்துக்கிட்டா என்ன?"

"டாக்டர் பாத்துக்கறார்னு போர்டு வெச்சா, அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு இன்னும் நாலு பேர் வருவான். வேண்டாம்னு ஒதுங்கி நிக்கறவனும் வருவான். பக்கத்துல ஒருத்தன் போட்டுக்கிட்டு முப்பது கிலோ கூடத் தூக்கினா, போடாதவன் எத்தனை நாள் சும்மா இருப்பான்? என் பையன் அப்படித்தான் போனான்."

  டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

என் தம்பி நூற்றெட்டு கிலோ. வீட்டில் அவன் பெயர் சின்னவன். பளுதூக்கும் அணிக்காகவே ஒரு கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. பதக்கம் வந்துகொண்டிருக்கும்வரைதான் அந்த நாற்காலி அவனுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் தோள் கிழிந்து ஆறு மாதம் உட்கார்ந்தான். பிறகு எப்படி எழுந்தான், எப்படி முன்னைவிட அதிகமாகத் தூக்கினான் என்று நான் கேட்காமல் இல்லை. "உன் மேல சத்தியமா ஒண்ணும் போடலக்கா" என்றான். தினமும் நாற்பது பேருடைய ரத்தத்தில் பொய்யைப் பார்க்கிறவள், கூடப் பிறந்தவன் முகத்தில் இருந்த பொய்யைப் பார்க்காமல் விட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தான். "அக்கா, அப்பா கிளினிக் படியில விழுந்துட்டார்."

ஓடினேன். கிளினிக்கின் உள்ளறையில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். கணுக்கால் முறிந்து வீங்கியிருந்தது. முகம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் வாயெல்லாம் பெருமை. அம்மா போனதிலிருந்து அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"சின்னவன் தானா வந்து கூட்டிட்டு வந்தாம்மா. 'உங்களுக்கு ஒரு செக்கப் பண்ணணும்ப்பா'ன்னான். நல்லவேளை வந்தோம். என் ரத்தம் ரொம்பக் கெட்டியா இருக்காம். சிகரெட் பிடிச்சதால இருக்கும்னு டாக்டர் சொன்னார். ஒரு பை எடுத்துட்டாங்க. அதான் படி இறங்கும்போது கண்ணை இருட்டிடுச்சு."

 போன மாதம்தான் சர்க்கரை பார்க்க அப்பாவுக்கு ரத்தம் எடுத்தேன். ஹீமோகுளோபின் பதினொன்றரை. ரத்தம் கூட்ட மாத்திரை கொடுக்க வேண்டிய மனிதர். அவரிடமிருந்து ஒரு பையா?

கட்டில் ஓரம் கிடந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். என் கண்ணில் பட்டுவிடும் என்று அடுத்த தெரு லேபில் கொடுத்திருந்தது. அப்பாவின் பெயர், வயது அறுபத்து நான்கு, நடமாட முடியாதவர். ஹீமோகுளோபின் இருபதுக்கு மேல். ரத்தத்தில் நூற்றுக்கு அறுபத்தொரு பங்கு வெறும் சிவப்பணு. நிமிர்ந்து தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

சட்டையைப் பிடித்து நடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த மலை அப்படியே என் பின்னால் வந்தது.

"இது யார் ரத்தம்?"

ரிப்போர்ட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"வாயைத் திறடா. யார் ரத்தம்?"

"என்னுது."

"அப்பாவை எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

"என் பேர்ல எந்த டாக்டரும் பாக்கமாட்டாங்கக்கா. அப்பாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பார், அதை நான் வாங்கிப் போட்டுக்கலாம்னு நினைச்சேன். திடீர்னு நர்ஸ் வந்து அப்பா கையில ரப்பரைக் கட்டிட்டாங்க."

"நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா வெளியில ஒரு போலீஸ்காரர் காய்ச்சலுக்கு வந்து உக்காந்திருந்தார்..."

"நினைச்சியா? பை ரொம்பற வரைக்கும் உக்காந்து நினைச்சிட்டே இருந்தியா?"

அறைந்தேன். என் கைதான் வலித்தது. அவன் அழ ஆரம்பித்தான். முகத்தை மூடிக்கொண்ட கையைப் பார்த்தபோதுதான் கவனித்தேன், இடது கை விரல்களைத் திரும்பத் திரும்ப மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

"கையில என்ன?"

"ரெண்டு நாளா மரத்துப் போகுது. தலைவலி பத்து நாளா இருக்கு. சில சமயம் இந்தப் பக்கக் கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி இருக்கு."

கோபம் போய்ப் பயம் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ரத்தத்தை நிறையப் பார்த்துவிட்டேன். எந்த நிமிஷமும் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று மூளைக்குப் போகலாம். கை போகலாம், பேச்சுப் போகலாம், ஆளே போகலாம். அன்றைக்கு ஒரு பை எடுக்க வேண்டியது அவனிடமிருந்து. எடுத்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவரிடமிருந்து. சட்டம் கொடுத்த வைத்தியத்தின் லட்சணம் இது!

டாக்டர் அறைக்குள் நேராகப் போய் இருந்ததை இருந்தபடி சொன்னேன். "இன்னொரு லேப் காகிதத்தை நம்பி ஒரு பை எடுத்திருக்கீங்களே, விரல் நுனியில ஒரு சொட்டு எடுத்து நீங்களே பாத்திருக்கக் கூடாதா டாக்டர்? அந்தக் கண் இமையைக் கீழே இழுத்துப் பாத்தாலே தெரியுமே, ரத்தமில்லாத மனுஷன்னு!" டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வயது நாற்பது இருக்கும். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"தப்புதான். வெளியில அறுபது பேர் உக்காந்திருக்காங்க, பாக்காம விட்டுட்டேன்."

"சரி, இப்ப இவனுக்கு எடுங்க."

"எந்த ரிப்போர்ட்டை வெச்சு எடுக்கறது? இதுல உங்க அப்பா பேர் இருக்கு. அவருக்கு எடுத்தாச்சுன்னு பதிவும் போட்டாச்சு." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். நீங்க என்கிட்ட எதுவும் சொல்லல. அடுத்த வாரம் அப்பாவுக்கு இன்னொரு பை எடுக்கணும்னு எழுதியிருக்கேன். அன்னிக்கு இவரை அனுப்புங்க, அப்பா பேர்லயே எடுத்துடறேன்."

"இவனுக்கு விரல் மரத்துப் போகுது டாக்டர்! அடுத்த வாரம் யாரை அனுப்பறது, பொணத்தையா?"

நானே வீட்டில் எடுத்திருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். ஊசி குத்த எனக்குக் கை வரும். ஆனால் பாதியில் அவனுக்கு அழுத்தம் இறங்கிவிட்டால், அந்த நூற்றெட்டு கிலோவைத் தரையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அப்போதுதான் தம்பி பேசினான். கதவுக்கு அந்தப் பக்கம் நர்ஸிடம், "என் பையன்தாம்மா கூட்டிட்டு வந்தான்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என் பேர்லயே எடுத்துடுங்க டாக்டர். என் பேர்ல ரிப்போர்ட் வேணும்னா இப்பவே போய் ரத்தம் கொடுக்கறேன். ஜெயில்னா ஜெயில். இனிமே அப்பா பேரைப் போடவேண்டாம்."

டாக்டர் அப்பா பெயரிலிருந்த ரிப்போர்ட்டை மடித்து ஓரமாக வைத்தார். "கொண்டு வாங்க. நான் எடுக்கறேன். ஆனா நானும் எழுதி அனுப்பியாகணும்" என்றார்.

எங்கள் லேபுக்கு அழைத்துப் போனேன். கவுன்ட்டர் அக்கா தலையை நிமிர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். கேட்க ஒன்றுமில்லை, அந்தக் கழுத்தைப் பார்த்தாலே யாருக்கும் தெரியும்.

"பேர்?" என்றார். சொன்னான்.

"வயசு?"

"இருபத்தொன்பது."

அக்காவின் விரல் கீபோர்டின் மேல் நின்றது. பிறகு தட்டினார். நான் ரத்தம் எடுத்தேன். ஊசி வழியாகக் கறுத்து, மெதுவாக, வர மனமில்லாததுபோல வந்தது. மெஷின் அறுபத்திரண்டு என்றது. காகிதத்தை எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போய், யாருக்கும் கேட்காதபடி சொன்னேன்.

"அக்கா, இதைப் பட்டியல்ல சேக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இவன் இனிமே போடமாட்டான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"உங்க பையனா இருந்தா அனுப்புவீங்களா?"

"அனுப்பியிருப்பேன்" என்றார். "அவன் உயிரோட இருந்து, ஜெயில்ல இருந்திருந்தா, வாரா வாரம் போய்ப் பாத்திருப்பேன்."

வாயில் வந்ததைச் சொன்னேன். அச்சில் போட முடியாத வார்த்தைகள். நீங்கள் பெற்றதைப் பறிகொடுத்துவிட்டு ஊரில் எல்லோர் வீட்டிலும் இழவு விழ வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அக்கா கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி பன்னிரண்டு. எனக்கு நாளைக்குப் பன்னிரண்டு வரைக்கும் நேரம் இருக்கு. பதினொன்னு அம்பத்தொன்பதுக்குத்தான் அனுப்புவேன். வாயை மூடிட்டு அவனைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அன்று மதியம் டாக்டர் ஒரு பை எடுத்தார். வாரம் ஒன்றாக இன்னும் இரண்டு பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் தலைவலி குறைந்தது. மறுநாள் பன்னிரண்டுக்குப் பட்டியல் போனது. மூன்று மணிக்கு வீட்டு வாசலுக்குப் போலீஸ் ஜீப் வந்தது. கையில் பஞ்சு ஒட்டியபடியே தம்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள். டாக்டருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இத்தனை நாள் கிழவர்களின் ரிப்போர்ட்டுகளில் போட்ட கையெழுத்துகளுக்காக என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஜிம் வாசலில் மருந்து விற்பவனை மட்டும் யாரும் தொடவில்லை. ஜீப் அவன் கடையைத் தாண்டித்தான் போனது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். 

அடுத்த செவ்வாய் வந்தது. இரண்டாவது பை எடுக்க வேண்டிய நாள். டாக்டரின் சீட்டோடு காலை எட்டு மணிக்கே ஜெயில் வாசலில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த காவலர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்படியெல்லாம் சீட்டு வாங்க முடியாதும்மா. வைத்தியத்துக்கு மனு கொடுக்கணும்."

"கொடுங்க, இப்பவே எழுதறேன்."

"நீங்க யாரு?"

"அக்கா."

"அக்கா, தங்கச்சி எழுத முடியாது. அப்பா, அம்மா, இல்ல பொண்டாட்டி. இல்லைன்னா வக்கீல் மூலமா."

"அவனுக்குக் கல்யாணம் ஆகல. அப்பாவுக்குக் கால் உடைஞ்சு கட்டுப் போட்டுப் படுத்திருக்கார். வக்கீல் வெள்ளிக்கிழமைதான்னு சொல்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது சார். நேத்துப் பாத்தேன், மறுபடியும் விரல் மரத்துப் போகுதுங்கறான்."

"அம்மா?"

"செத்துட்டாங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை வாங்க."

கத்தினேன். ரத்தம் கெட்டியானால் என்ன ஆகும் என்று அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஒரு வருஷ ஜெயிலுக்குத்தானே சட்டம் போட்டீர்கள், தூக்குக்கா போட்டீர்கள் என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். காவலர், "சத்தம் போட்டா வெளியில அனுப்பிடுவேன்" என்றார். கெட்டவரில்லை. விதியைத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

யாரோ என் தோளைப் பிடித்து நகர்த்தப் பார்த்தார்கள். கவுன்ட்டர் அக்கா. லேப் கோட்டோடு அப்படியே வந்திருந்தார். ஒரு வாரமாக நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை. இன்றைக்கு இரண்டாவது பை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இந்த மாதிரி ரத்தத்துக்கு வாரம் ஒரு பை என்று லேபில் எல்லோருக்கும் தெரியும்; முதல் ரிப்போர்ட்டைத் தட்டியவர் அவர்தான், எண்ணத் தெரியாதா? நான் விலகவில்லை. "எதுக்கு வந்தீங்க? எழுதி அனுப்பியாச்சே, இன்னும் என்ன வேணும்?" என்றேன்.

எனக்குப் பதில் சொல்லாமல் ஜன்னலுக்குள் கையை நீட்டினார். "மனுக் காகிதம் கொடுங்க."

காவலர் கொடுத்தார். அக்கா நின்றபடியே எழுதினார். கைதியின் பெயர், வயது, நோய், இன்றே செய்ய வேண்டிய வைத்தியம் எல்லாவற்றையும், தினமும் சீட்டுப் போடுகிற அதே உருட்டிய எழுத்தில், நிறுத்தாமல் எழுதினார். கடைசிக் கட்டத்தில் கைதிக்கு என்ன உறவு என்று இருந்தது. அதில் 'அம்மா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே தள்ளினார்.

காவலர் காகிதத்தைப் படித்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். பேப்பரில் பார்த்த முகம். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா... நீங்க... உங்க பையன்தான் இறந்துட்டானே?"

"ஆமா, செத்துட்டான்" என்றார் அக்கா. "அவனை ஒரு டாக்டரும் பாக்கல. இவனைப் பாக்கச் சொல்லுங்க."